ஃபில்டர் ஜக்கை எதை வைத்துச் சோதிப்பது?

(காட்சி: சமையலறை மேடை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள்.)

வணக்கம். இடது டம்ளரில் இருப்பது இன்று காலை எங்கள் சென்னை வீட்டுக் குழாயில் பிடித்த மெட்ரோ வாட்டர். வலது டம்ளரில் இருப்பதும் அதே தண்ணீர்தான், ஃபில்டர் ஜக்கில் ஊற்றி இறங்கியது. ஜக்கில் வடிகட்டுகிற காட்ரிட்ஜ் போட்டு மூன்று வாரம் ஆகிறது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டிடிஎஸ் மீட்டரை இரண்டிலும் விடுகிறேன். இதில் 348. அதில் 331.

"இவ்வளவுதானா? தண்டச் செலவு" என்றார் அம்மா. நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

(காட்சி: இரண்டு சிறிய சோதனைக் குழாய்கள், ஒரு சொட்டு பாட்டில்.)

இது குளோரின் பார்க்கிற சொட்டு மருந்து. தண்ணீர்த் தொட்டி ஊழியர்கள் கையில் வைத்திருக்கும் குளோரின் சோதனைப் பெட்டியான குளோரோஸ்கோப்பில் இருப்பதும் இதே ஆர்த்தோடாலிடின்தான். இரண்டு குழாயிலும் ஐந்தைந்து சொட்டு விட்டுக் குலுக்குகிறேன். குழாய்த் தண்ணீர் இளமஞ்சளாகிவிட்டது. ஜக் தண்ணீர் நிறமே மாறாமல் நிற்கிறது. இந்தத் தண்ணீரை யாரும் குடித்துவிடக் கூடாது. பார்த்த உடனே சிங்க்கில் கொட்டிவிடுங்கள்.

மீட்டர் கண்ணுக்குத் தெரியாதது சொட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று பார்ப்போம்.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று அளந்து, அதை உப்புக் கணக்காக மாற்றிக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கிருமி தெரியாது, பூச்சிமருந்து தெரியாது. ஈயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் கூடாது என்கிறது. மீட்டர் நகர்கிற மிகச் சிறிய படியே 1 மில்லிகிராம். அதாவது வரம்பைப் போல நூறு மடங்கு ஈயம் கலந்தால்கூட மீட்டரில் ஒரு எண் மாறுமா என்பது சந்தேகம்தான்.

(காட்சி: பழைய காட்ரிட்ஜை ரம்பத்தால் அறுத்து, வெள்ளைத் தட்டில் கொட்டுதல்.)

சரி, காட்ரிட்ஜ் உள்ளே என்ன இருக்கிறது? போன முறை கழற்றியதை அறுத்துக் கொட்டியிருக்கிறேன். இந்தக் கறுப்புத் துகள்கள் ஆக்டிவேட்டட் கார்பன். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, நீராவி கொடுத்துத் துளைகளைத் திறந்து செய்வது. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் சிரட்டைக் கரி ஒரு பெரிய தொழில். ஜவ்வரிசியை இன்னும் பொடியாக்கினாற்போல உருண்டையாக இருப்பவை ரெசின்.

கரியின் மேற்பரப்பில் பட்டதும் குளோரின் சாதாரண குளோரைடாக மாறிவிடுகிறது. குளோரின் வாடை போய்விடும், குளோரைடு தண்ணீரிலேயே நிற்கும். மீட்டருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ரெசின் செய்வது வேறு வேலை. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடுகிறது. அந்த ஹைட்ரஜன் பைகார்பனேட்டோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் ஆகிறது. ஆகவே கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற வகைக் கடினத்தன்மையைத்தான் இது குறைக்கும். கடற்கரைப் பக்கத்துப் போர் தண்ணீரின் கரிப்பு சாதாரண உப்பால் வருவது. அதை இந்த ஜக் தொடவே தொடாது. உப்புத் தண்ணீருக்கு இதை வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அங்கே ஆர்ஓ தான் வழி.

அப்படியென்றால் வீட்டில் எப்படிச் சோதிப்பது?

குளோரின் சோதனையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. திறந்து வைத்தாலே தண்ணீரிலிருந்து குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். ஜக்கில் தண்ணீர் இறங்கச் சில நிமிடங்கள் ஆகின்றன. ஆகவே ஜக்கில் ஊற்றும்போதே ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். இல்லாவிட்டால் காற்று செய்த வேலைக்கு ஜக் பேர் வாங்கிக்கொள்ளும்.

(காட்சி: இரண்டு சிறிய பாட்டில்கள், பாதி தண்ணீர். சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குதல்.)

கடினத்தன்மைக்குச் சோப்பு போதும். குளிக்கிற சோப்பைச் சீவிக் கரைத்துக்கொள்ளுங்கள். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், அது கடின நீரிலும் நுரைக்கும். ஒவ்வொரு சொட்டாக விட்டு, குலுக்கி, நுரை ஒரு நிமிடம் கலையாமல் நிற்க எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். காட்ரிட்ஜ் புதிதாக இருந்தபோது ஜக் தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீரில் பாதிச் சொட்டுகூடத் தேவைப்படவில்லை. இன்று இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. பாருங்கள், மேலே வெள்ளைத் திரி திரியாக மிதக்கிறது, நுரை எழும்பவே மாட்டேன் என்கிறது.

இந்த வீடியோவை எடுக்க வைத்ததே இதுதான். ரெசின் முடிந்துவிட்டது, கரி இன்னும் வேலை செய்கிறது. இரண்டும் ஒரே நாளில் ஓய்வதில்லை. தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு சீக்கிரம் ரெசின் நிரம்பிவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உங்கள் வீட்டுத் தண்ணீருக்கு எழுதியதல்ல. புதுசில் எல்லா ஃபில்டரும் நன்றாகத்தான் இருக்கும். பிரித்த அன்றே சோதித்துக் காட்டுகிற வீடியோக்களை நான் நம்பாமல் போனது இதனால்தான்.

ஆய்வகங்களும் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கின்றன. என்எஸ்எஃப் 42 என்ற அமெரிக்கத் தரத்தில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் கலந்த தண்ணீரை ஓட்டி, குறைந்தது பாதியாவது குறைகிறதா என்று பார்க்கிறார்கள். ஈயத்தைக் குறைக்கும் என்று சொன்னால் அதற்குத் தனித் தரம், என்எஸ்எஃப் 53. அதில், மாற்றும் நேரத்தைக் காட்டும் விளக்கு இல்லாத ஃபில்டரென்றால், சொன்ன கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் ஓட்டிச் சோதிக்கிறார்கள். பெட்டியில் 42 மட்டும் போட்டிருந்தால் குளோரின், சுவை, வாடை போன்றவற்றுக்குத்தான் சான்று என்று அர்த்தம்.

சுவைக்கும் சோதனை உண்டு. மூன்று டம்ளர், இரண்டில் ஒரே தண்ணீர், ஒன்றில் வேறு. எது தனி என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆறு முறை கேளுங்கள், சும்மா குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக இரண்டு முறை சரியாக வந்துவிடும். முக்கியமாக, ஃபிரிட்ஜில் இருந்த ஜக் தண்ணீரை வெளியே வைத்துச் சூட்டைச் சமமாக்குங்கள். குளிர்ந்தால் எந்தத் தண்ணீரும் இனிக்கும். தண்டச் செலவு என்ற அம்மா ஆறில் ஐந்து முறை சரியாகச் சொன்னார்.

(காட்சி: மூடியுள்ள சிறு குப்பி, அடியில் மருந்து தோய்த்த காகிதம்.)

கடைசியாகக் கிருமி. இந்தச் சாதாரண ஜக் கிருமியை வடிகட்டாது, வடிகட்டுவதற்காகச் செய்யப்பட்டதும் அல்ல. கூடவே, குழாயிலிருந்து வந்த குளோரின் காவலையும் இது எடுத்துவிடுகிறது. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்று தரம் சொல்வது அந்தக் காவலுக்காகத்தான். கிருமி இருந்தால் கறுக்கிற இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு குப்பியில் கோடு வரை ஜக் தண்ணீரை ஊற்றி, வெயில் படாத, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். குப்பிக்குள் பிளீச்சிங் பவுடர் போட்டு வைத்திருந்து, அப்புறம் கொட்டுங்கள். கறுக்காவிட்டாலும் அது முழு உத்தரவாதம் ஆகாது. சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம்.

வீட்டில் கைக்குழந்தையோ, சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால், ஜக்கில் இறங்கிய தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள். இறங்கிய தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஜக்கையும் கழுவுங்கள், உள்சுவரில் விரலை வைத்தால் வழவழக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு.

(காட்சி: ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள். ஜக் நிரப்பும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு.)

நான் எண்ணுவது இப்படித்தான். ஐந்து கோடானால் ஒரு கட்டு. சோப்பு நுரைக்காமல் போன இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். இப்போது புது காட்ரிட்ஜ் மாட்டுகிறேன். முதல் இரண்டு ஜக் தண்ணீர் கரித்தூளோடு வரும், அது துளசிச் செடிக்கு. மூன்றாவது ஜக்கில் இருந்து முதல் கோடு.