பழிப்புக் காட்டும் சொல்

(பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களிடம் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் விடைத்தாள் திருத்தும்போது சிரித்துவிட்டேன். 'மாக் டெஸ்ட்' என்பதை ஒரு பையன் 'கேலித் தேர்வு' என்று தமிழில் எழுதியிருந்தான். அவன் வாங்கியிருந்த மதிப்பெண்ணுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். சரி, இப்போது நான் செய்ததும் 'மாக்'தான்.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. கிண்டலுக்கு அங்கே 'டீஸ்' உண்டு. போலச் செய்வதற்கு 'மிமிக்' உண்டு. 'மாக்' இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒருவர் பேசுவதை அவர் எதிரிலேயே பேசிக் காட்டி அவரைக் குறுக வைப்பது. இதற்கு நம்மிடம் அச்சாக ஒரு சொல் இருக்கிறது: பழிப்புக் காட்டுவது. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒருவர் திக்கித் திக்கிப் பேசுவார். அவர் "த... த... தண்ணி" என்று கேட்டதை நான் வாசலில் நின்று அப்படியே சொல்லிக் காட்டினேன். ஆச்சி வாரியலோடு வந்தாள். "பழிப்பு காட்டாதலே, பொறவு உனக்கும் ஒட்டிக்கிடும்!" ஒட்டவில்லை. ஆனாலும் ஒரு வாரம் எண்ணி எண்ணித்தான் பேசினேன்.

தொல்காப்பியர் நகைக்கு, அதாவது சிரிப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில் எள்ளல்தான் முதலில் வருகிறது. நம் 'கேலிக்கூத்து' என்ற சொல்லிலும் பாருங்கள், கேலியோடு கூத்தும், அதாவது நடித்துக் காட்டுவதும், இருக்கிறது.

ஆனால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்துவிட்டால் 'மாக்' சாதுவாகிவிடும். கேலி உதிர்ந்து மாதிரி மட்டும் மிஞ்சும். தேர்தலன்று காலையில் வாக்குப்பதிவு தொடங்கும் முன், ஏஜென்டுகள் பார்க்க, இயந்திரத்தில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுச் சரிபார்த்து அழிப்பார்கள். அது 'மாக் போல்', மாதிரி வாக்குப்பதிவு. 'மாக் டிரில்' நமக்கு ஒத்திகை. இங்கிலாந்தில் 'மாக் டர்ட்டில் சூப்' என்று ஒன்று உண்டு. ஆமைக்கறி விலை கட்டுப்படியாகாதவர்கள் கன்றுக்குட்டித் தலையை வேகவைத்து ஒப்பேற்றியது. அதைப் 'போலி' என்றுதான் சொல்ல வேண்டும், மாதிரி என்றால் ருசிக்காது.

அமெரிக்காவின் 'மாக்கிங்பேர்ட்' யாரையும் கேலி செய்வதில்லை, பிற பறவைகளின் குரலை எடுத்துப் பாடுகிறது, அவ்வளவுதான். முண்டந்துறைக் காட்டுக்குப் போனால் நம் துடுப்புவால் கரிச்சானும் இதே வேலையைச் செய்யும். குரல் வந்த மரத்தில் வேறு பறவையைத் தேடி ஏமாந்திருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பையனுக்கு அரை மதிப்பெண் போட்டேன்.