துறைமுகத்தில் என்ன நிற்கும்?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, கதை எழுதும் ஆசையோடு வந்திருக்கும் இளையவர்களே, வணக்கம்.

கற்பனை உலகில் வரும் நடுநிலை வணிகத் தீவைக் காப்பது அதன் நடுநிலையா, கப்பற்படையா? இதுதான் தலைப்பு. கப்பற்படையே என்று பேச வந்திருக்கிறேன். "இரண்டு பேரரசுகளுக்கும் அந்தத் தீவின் சந்தை வேண்டும், அப்புறம் யார் அதன்மேல் கை வைப்பார்கள்?" என்று எதிரணித் தலைவர் கேட்டார். நடுவர் அவர்களே, கை வைத்தார்கள். அந்தத் தீவின் பெயர் ரோட்ஸ், பழைய கிரேக்க வணிகத் தீவு.

அலெக்சாந்தர் இறந்தபின் அவருடைய தளபதிகள் நாடுகளைப் பங்கு போட்டு அடித்துக்கொண்ட காலம். ரோட்ஸ் எல்லோரோடும் நட்பாக இருந்தது. வியாபாரத்தில் பெரும்பங்கு எகிப்தோடு. எகிப்தை ஆண்ட தாலமியை எதிர்த்துத் தன்னோடு சேரும்படி, அந்தத் தளபதிகளில் இன்னொருவரான ஆன்டிகோனஸ் அழைத்தார். ரோட்ஸ் மறுத்தது. கி.மு. 305இல் அவர் மகன் டெமெட்ரியஸ் பெரும்படையோடு வந்து இறங்கினார். ஏறக்குறைய ஓராண்டு முற்றுகை. சக்கரம் வைத்த, பல அடுக்குக் கோபுரத்தை மதிலருகே உருட்டி வந்தார்கள். ரோட்ஸின் கப்பல்கள் நழுவி வெளியே போய் எதிரியின் சரக்குக் கப்பல்களைப் பிடித்தன. தாலமி அனுப்பிய தானியமும் உள்ளே வந்து சேர்ந்தது. கடைசியில் உடன்படிக்கை: ஆன்டிகோனஸுக்கு ரோட்ஸ் துணை நிற்கும், தாலமிக்கு எதிராக மட்டும் நிற்காது. அந்த ஒரு விலக்கை எழுதி வாங்க ஓராண்டு சண்டை போட வேண்டியிருந்தது! எதிரி விட்டுப்போன முற்றுகைக் கருவிகளை விற்ற பணத்தில்தான் உலக அதிசயமான அந்த வெண்கலச் சிலை எழுந்தது.

நிலநடுக்கத்தை எதிரணி சொன்னது. கி.மு. 226 வாக்கில் அந்தச் சிலையே விழுந்தபோது, ஒருவரோடு ஒருவர் பகை கொண்ட மன்னர்கள்கூட ரோட்ஸுக்கு வாரி வழங்கினார்கள், அதுவே நடுநிலையின் பலன் என்றார்கள். நல்ல சான்றுதான். ஆனால் என்ன கொடுத்தார்கள் என்று பாருங்கள். அப்போது எகிப்தை ஆண்ட மூன்றாம் தாலமி வெள்ளியும் தானியமும் மட்டுமா அனுப்பினார்? இருபது போர்க்கப்பல் கட்ட மரமும் அனுப்பினார். சிரியாவை ஆண்ட செலூக்கஸ் பத்துப் பெரிய போர்க்கப்பல்களையே கொடுத்தார். கடலில் கொள்ளையரை அடக்கி வைத்திருந்தது ரோட்ஸின் படை. அது மூழ்கினால் தங்கள் சரக்கும் மூழ்கும் என்று அந்த மன்னர்களுக்குத் தெரியும்.

பிறகு கி.மு. 220இல் கருங்கடலிலிருந்து வரும் கப்பல்களுக்கு, இன்றைய இஸ்தான்புல் இருக்கும் இடத்திலிருந்த பைசாண்டியம் நகரம் சுங்கம் போட்டது. வணிகர்கள் முறையிடப் போனது ரோட்ஸிடம்தான். ரோட்ஸ் போர் அறிவித்தது, சுங்கம் போனது.

சரி, எங்கள் பக்கத்தைக் குத்தும் இடத்துக்கும் வருகிறேன். ரோமுக்கும் மாசிடோனியாவுக்கும் போர் நடந்தபோது ரோட்ஸ் நடுவில் நின்று சமாதானம் பேசப் போனது. வென்ற ரோமுக்கு அது பொறுக்கவில்லை. டீலோஸ் தீவைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கியது. ரோட்ஸின் துறைமுக வருவாய் ஆண்டுக்குப் பத்து லட்சம் டிராக்மாவிலிருந்து (டிராக்மா கிரேக்க வெள்ளி நாணயம்) ஒன்றரை லட்சத்துக்குச் சரிந்தது. கப்பற்படையால் இதைத் தடுக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனை எதற்காக வந்தது? மதில்மேல் பூனையாக நின்றதற்காக. நடுநிலை காக்கும் என்பவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த டீலோஸ் என்ன ஆனது? கிரேக்கக் கடவுள் அப்போலோ பிறந்ததாக நம்பப்பட்ட புனிதத் தீவு. கி.மு. 490இல் பாரசீகப் படையே அதைத் தொடாமல், தூபம் எரித்து வணங்கிவிட்டுப் போனது. அந்த நம்பிக்கையில் மதில் இல்லை, மக்களிடம் ஆயுதம் இல்லை. சந்தை மட்டும் கொழித்தது. கி.மு. 88இல், ரோமோடு போரிட்ட பாண்டஸ் நாட்டு மன்னர் மித்ரிடாட்டீஸின் தளபதி வந்தார். ஊரைச் சூறையாடி, ஆட்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார். அதே ஆண்டில் அதே மன்னர் ரோட்ஸையும் முற்றுகையிட்டார். அப்போது ரோட்ஸ் ரோமின் நட்பு நாடு, நடுநிலை நாடு அல்ல, அதை மறைக்கவில்லை. ஆனால் அதன் சிறிய கப்பற்படை கடலில் அவரை அலைக்கழித்தது. ரோட்ஸைப் பிடிக்க முடியாமலே அவர் திரும்பிப் போனார்.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் எனக்கு ஒன்று மட்டும் சொல்லட்டும். நீங்கள் படைக்கும் தீவுக்கும் அப்படி ஓர் ஆண்டு வரும். அன்று அதன் துறைமுகத்தில் என்ன நிற்கும்?