ஒரே ஓர் இசைத்தட்டு

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் ஐயா, அம்மா, தம்பி, என் அணித் தோழர்களே, வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நான்கு திக்கிலிருந்தும் வந்திருக்கும் பெரியோரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'குறுகிய காலத்தில் கலைந்துபோன இசைக்குழு சாதித்ததா, வீணானதா?' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. சான்றாக எடுத்துக்கொண்டிருப்பது கோதிக் ராக் என்னும் மேலைநாட்டு இருள் இசையை. அதிலும் குறிப்பாக, சதர்ன் டெத் கல்ட் என்ற ஒரு குழுவை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1981இல் நான்கு இளைஞர்கள் தொடங்கினார்கள். 1983இன் தொடக்கத்தில் கலைந்துவிட்டார்கள். குழுவாக இருந்தபோது அவர்கள் வெளியிட்டது ஒரே ஓர் இசைத்தட்டு, அதில் மூன்று பாடல்கள். எதிரணி இதை முளையிலேயே கருகிய பயிர் என்கிறது. இல்லை, அது தன் பருவத்தில் விளைந்து, அறுவடையும் ஆகிய பயிர் என்று சொல்லவே நான் எழுந்து நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் ஐயா நம் வேலூர்க் கோட்டையைக் காட்டிப் பேசினார். '16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை, இன்றும் அகழியோடு நிற்கிறது, நிற்பதற்குத்தான் பெருமை' என்றார். 1962 முதல் இன்றுவரை பாடிவரும் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவையும் துணைக்கு அழைத்தார். ஐயா, அந்தக் கோட்டையின் பெயரைச் சொன்னதும் இந்த ஊரின் பள்ளிப் பிள்ளை என்ன சொல்லும்? 1806, ஜூலை 10 என்று சொல்லும். விடியும் முன் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப் படை வந்தது. நண்பகலுக்குள் எல்லாம் அடக்கப்பட்டுவிட்டது. ஒரு முழு நாள்கூட நிற்கவில்லை அந்த எழுச்சி. ஆனால் சிப்பாய்களின் நெற்றிக் குறியையும் தாடியையும் தலைப்பாகையையும் தொட்ட ஆணையைக் கும்பினியார் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சென்னை ஆளுநர் பெண்டிங்க் பிரபு பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். அத்தனை நூற்றாண்டுகள் நின்ற கற்சுவரைவிட அந்தச் சில மணி நேரத்தைத்தான் வேலூர் தன் பெருமையாகச் சொல்கிறது. கால அளவைக் கொண்டு பெருமையை அளக்கும் பழக்கம் இந்த ஊருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

கோதிக் ராக் என்றால் என்ன என்று பின்வரிசையில் சிலர் கேட்டார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் என்னும் வேகமும் கோபமும் நிறைந்த ராக் இசையின் கொதிப்பு அடங்கும் நேரத்தில், சில குழுக்கள் வேகத்தைக் குறைத்தன. பாட்டின் மெட்டைப் பேஸ் கிட்டார், அதாவது தாழ்ந்த சுரம் இசைக்கும் கிட்டார், சுமக்கத் தொடங்கியது. மற்ற கிட்டார் எதிரொலியோடு பின்னால் நின்றது. பாடகரின் குரல் அடித்தொண்டைக்கு இறங்கியது. பாடுபொருளோ மரணம், அச்சம், தனிமை. பௌஹவுஸ் என்ற குழு, தான் அமைந்த சில வாரங்களிலேயே, 1979 ஜனவரியில், ஒன்பது நிமிடத்தைத் தாண்டும் ஒரு பாடலைப் பதிவுசெய்தது. கோதிக் ராக்கின் முதல் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். 1983 ஜூலை 5ஆம் நாள் லண்டன் ஹேமர்ஸ்மித்தில் கச்சேரி முடிந்ததும் அந்தக் குழுவும் கலைந்தது. இந்த இசைக்குத் தாய்வீடாக இருந்த லண்டன் சோஹோவின் பேட்கேவ் விடுதி 1982 முதல் 1985 வரைதான் நடந்தது. இந்த இசையின் முதல் தலைமுறையில் இப்படிக் குறுகிய வாழ்வுகள் உண்டு.

பிராட்ஃபோர்டுக்கு வருகிறேன். என் மனம் நிற்பது அங்கேதான்.

அது கம்பளி ஆலைகளின் ஊர். அந்த ஆலைகளின் இரவுப் பணிக்கென்று பாகிஸ்தானிலிருந்து ஆயிரக்கணக்கானோர் சென்று குடியேறினார்கள். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஒரே தொழிலை நம்பி வாழும் ஊருக்குள் அந்தத் தொழில் தளர்ந்தால் இளைஞர்களுக்கு என்ன ஆகும் என்பதை ஆம்பூருக்கும் இராணிப்பேட்டைக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஆலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடி, 1996இல் தீர்ப்புப் பெற்ற மாவட்டம் இது. தொழில் தரும் சோறும் அது தரும் துயரமும் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும்.

அந்தப் பிராட்ஃபோர்டில், 1981ஆம் ஆண்டில், நிறவெறிக் கும்பல் தங்கள் தெருவுக்குள் வரப்போகிறது என்ற அச்சத்தில் பெட்ரோல் குண்டுகளைத் தயாரித்து வைத்ததற்காக ஆசிய இளைஞர் பன்னிரண்டு பேர் கைதானார்கள். தற்காப்புக்காகவே செய்தோம் என்று மன்றத்தில் வாதாடி, மறு ஆண்டு விடுதலையும் ஆனார்கள். அதே ஆண்டு, அதே ஊரில், பாகிஸ்தானியக் குடும்பத்துப் பையன் ஒருவர் ஒரு ராக் குழுவில் டிரம்ஸுக்குப் பின்னால் அமர்ந்தார். அவர் பெயர் அக்கி நவாஸ். பாடகர் இயன் ஆஸ்ட்பரியோ சிறுவயதில் கனடாவில் வளர்ந்தவர், அங்குள்ள தொல்குடி மக்களின் நிலையைக் கண்டு கலங்கியவர். நிலத்தைப் பறிகொடுத்த அந்த மக்களைப் பற்றித்தான் அவர் பாடினார். குழுவின் பெயர்கூட அமெரிக்காவின் தென்கிழக்கில் மண்மேடுகளை எழுப்பிய தொல்குடிகளின் சின்னங்களுக்கு ஆய்வாளர்கள் இட்ட பெயரிலிருந்து வந்தது. ஆலை மூடிய ஊரில், வேற்று நிறத்தவரும் வெள்ளையரும் ஒரே மேடையில் நின்று, பறிகொடுத்தவர்களைப் பாடியிருக்கிறார்கள். அந்த டிரம்ஸ் ஒலியைக் கேட்டுப் பாருங்கள். கிண்கிணிக்கும் சிம்பல் என்னும் உலோகத் தட்டு அதிகம் இல்லை. பெரிய டிரம்களின் கனத்த அடிதான் பாட்டை நடத்துகிறது. பம்பை கேட்டு வளர்ந்த வட ஆற்காட்டுக் காதுக்கு அது அந்நியமாகவே படாது.

'ஒரே தட்டுத்தானே? மிச்சம் என்ன?' என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். அக்காலத்தில் இங்கிலாந்தில் சிறிய, தனித்து இயங்கும் இசைத்தட்டு நிறுவனங்கள் பல எழுந்தன. பௌஹவுஸின் முதல் தட்டை வெளியிட்டது ஓர் இசைத்தட்டுக் கடைக்காரரின் நிறுவனம். பெரிய நிறுவனங்கள் இத்தனை ஆண்டு, இத்தனை தட்டு என்று ஒப்பந்தம் எழுதி வாங்கும். சிறியவையோ ஒரு பாட்டு நன்றாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் வெளியிடும். அதனால், சொல்ல வேண்டியதை ஒரு தட்டில் சொல்லிவிட்டுக் கலைந்துபோகும் உரிமை இசைஞர்களுக்குக் கிடைத்தது. பல குழுக்களின் நீண்ட ஆயுளுக்குப் பின்னால் ஒப்பந்தத்தின் ஆயுள் ஒளிந்திருக்கிறது அம்மா. அதைப் பெருமை என்று என்னால் ஏற்க முடியவில்லை. சதர்ன் டெத் கல்ட் கலைந்த பிறகும், அவர்கள் வானொலிக்காகவும் மேடையிலும் பாடிப் பதிந்தவற்றைச் சேர்த்து 1983இலேயே ஒரு தொகுப்பு வந்தது. கலைந்துபோன குழுவின் பாட்டை எவரோ தேடியதால்தானே அது வந்தது?

மிச்சம் அதோடு நிற்கவும் இல்லை. ஆஸ்ட்பரி விலகி, பில்லி டஃபி என்ற கிட்டார் கலைஞரோடு டெத் கல்ட் என்ற குழுவைத் தொடங்கினார். 1984இல் அதுவே தி கல்ட் ஆகி உலகெங்கும் பெயர் பெற்றது. எதிரணி இதை எடுத்துக்கொண்டு, 'பார்த்தீர்களா, நீடித்ததுதான் வென்றது' என்று சொல்லக்கூடும். சொல்லுங்கள். ஆனால் 2023இல், நாற்பது ஆண்டுகள் கழித்து, அதே ஆஸ்ட்பரியும் டஃபியும் தி கல்ட் என்ற புகழ்பெற்ற பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, டெத் கல்ட் என்ற பழைய பெயரில் மேடையேறி அந்தத் தொடக்க காலப் பாடல்களைப் பாடினார்கள். நீடித்தவர்களே திரும்பிப்போய் நின்ற இடம் அது.

அக்கி நவாஸின் பாதை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. அவர் நேஷன் ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைக் கூட்டாகத் தொடங்கினார். ஃபன்-டா-மென்டல் என்ற குழுவை அமைத்து, பிரிட்டனில் வாழும் ஆசியர்களின் கோபத்தை ராப் இசையில் ஏற்றினார். ஏஷியன் டப் ஃபௌண்டேஷன் குழுவின் முதல் முழுத் தொகுப்பு 1995இல் அந்த நிறுவனத்திலிருந்தே வந்தது. முதல் குழு நீடித்திருந்தால் அவர் இருபது ஆண்டுகள் இன்னொருவரின் பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்திருப்பார். கலைந்ததால்தான் தன் மக்களின் குரலுக்கு மேடை கட்டினார். இதை வீண் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அரங்கில் நிறைய மாணவர்கள் இருக்கிறீர்கள். என் அணியின் முதல் பேச்சாளர் ஜாய் டிவிஷன் என்ற இங்கிலாந்து ராக் குழுவைக் குறிப்பிட்டார். அதன் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே 18ஆம் நாள், 23 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வலிப்பு நோயாலும் மனச்சோர்வாலும் வாடிய இளைஞர் அவர். அந்தச் சாவை என் அணிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள நான் மறுக்கிறேன். இதனால் என் அணிக்கு மதிப்பெண் குறைந்தாலும் குறையட்டும். ஒரு குழு கலைவது வேறு, ஒரு மனிதர் சாவது வேறு. அவருக்கு மருத்துவமும் துணையும் ஓய்வும் கிடைத்து, அவர் இன்று பாடாமல் எங்கோ முதியவராக வாழ்ந்திருந்தால் அதுவே மேல். அவருடைய மூன்று நண்பர்கள் பழைய பெயரை விட்டுவிட்டு, நியூ ஆர்டர் என்று வேறு பெயரில் தொடர்ந்தார்களே, அந்தச் செயலை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். குழு முடிந்தது என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அதில் இருந்தது.

கடைசியாக எதிரணித் தம்பிக்கு. 'முகத்தில் சாயம், கறுப்பு உடை, மயானப் பாட்டு, இதெல்லாம் நம் மண்ணுக்கு ஆகாது, சீக்கிரம் அழிந்ததே நல்லது' என்று கைதட்டல் வாங்கினாய். தம்பி, மகாசிவராத்திரி முடிந்து வரும் மாசி அமாவாசையன்று பாலாற்றங்கரைக்குப் போயிருக்கிறாயா? அங்காளம்மனின் மயானக்கொள்ளை. முகமெல்லாம் வண்ணம் பூசி, காளி வேடமிட்டு, எலுமிச்சை மாலை போட்டு, பம்பையும் உடுக்கையும் முழங்கச் சுடுகாட்டை நோக்கி நம் அண்ணன்மாரும் மாமன்மாரும் ஆடிப்போவதைப் பார்த்திருப்பாய். கொழுக்கட்டையும் தானியமும் சூறைவிடுவதைக் குழந்தைகள் மடியேந்திப் பிடிப்பார்கள். சாவின் வாசலில் போய் நின்று ஆடுகிற துணிவு நம் பாட்டன் காலத்துச் சொத்து. அதுவும் ஒரு நாள் திருவிழாதான். மறுநாள் வண்ணத்தைக் கழுவிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். ஒரே நாளில் முடிந்ததால் அங்காளம்மனுக்குப் பெருமை குறைந்தது என்று இந்த ஊரில் எவராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? பிராட்ஃபோர்டு இளைஞர்களுக்கு அப்படி ஒரு தெய்வமும் ஆற்றங்கரையும் இல்லை. மாசியும் இல்லை. அவர்கள் கிட்டாரையும் டிரம்ஸையும் கொண்டு தங்களுக்கென்று ஒன்றைச் செய்துகொண்டார்கள். அவர்களைத் தாழ்வாகப் பேசாதே.

குழு கலைந்தபின் இசைஞர்கள் எதைக் கொண்டு பிழைப்பது என்றும் எதிரணி கேட்டிருக்கிறது. பணத்தைப் பற்றிய அந்தக் கேள்விக்கு என் அணியின் அடுத்த பேச்சாளர் விரிவாக விடை தருவார். மணி அடித்துவிட்டார்கள், ஒலிவாங்கியை அவரிடம் தருகிறேன். நன்றி, வணக்கம்.