எந்நேரமும் சார்ஜில் இருக்கும் டேப்லெட்: பேட்டரி ஏன் உப்புகிறது?

(காட்சி: மண்டபம் கரையோரம், தகரக் கூரையிட்ட மீன் கொள்முதல் கொட்டகை. எடைத்தராசுக்கு மேலே சுவரில் பொருத்திய டேப்லெட். அதிலிருந்து தொங்கும் வெள்ளை ஒயர்.)

வணக்கம். இந்தக் கொட்டகைக்கு வரும் நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் எடையும் விலையும் படகு எண்ணோடு பதிவாவது இந்த டேப்லெட்டில்தான். இதற்கு முன் இதே இடத்தில் மாட்டியிருந்த டேப்லெட்டின் சார்ஜர் ஒயர், மாட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றப்படவில்லை. இரண்டாம் ஆண்டில் அதன் திரையோரம் சட்டத்தை விட்டு எழும்பத் தொடங்கியது. பழுது பார்க்கத் திறந்தபோது, தட்டையாக இருக்க வேண்டிய பேட்டரி தலையணை போல உப்பியிருந்தது.

"சார்ஜிலேயே போட்டு வைத்தால் கரண்ட் அளவுக்கு மீறி ஏறிவிடும்" என்பதே நம்மில் பலர் சொல்லும் காரணம். உண்மை அதுவன்று. பேட்டரி தன் உச்ச மின்னழுத்தத்தை எட்டியதும், உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று மின்னேற்றத்தை நிறுத்திவிடும். அந்த உச்சம் பல பேட்டரிகளில் 4.2 வோல்ட், புதியவை சிலவற்றில் 4.35 அல்லது 4.4 வோல்ட். ஆகவே மிகையாக எதுவும் ஏறுவதில்லை. நிரம்பிய நிலையிலேயே பேட்டரியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் சிக்கல்.

(காட்சி: பேட்டரியின் உள்ளமைப்பு, வரைபடம்.)

லித்தியம் அயன் பேட்டரியில் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு, இரண்டுக்கும் நடுவே அயனிகள் கடந்து செல்லும் கரிமத் திரவம், அதாவது மின்பகுளி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுப் புறப்பட்டு கிராஃபைட்டுக்குள் போய் அமர்கின்றன. அது நிரம்ப நிரம்ப, லித்தியத்தை இழந்து நிற்கும் ஆக்சைடின் பரப்பு எதனுடனும் வினைபுரியத் துடிக்கும் நிலையை அடைகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்பகுளி மெல்லச் சிதைந்து வாயுவை வெளியிடுகிறது. கிராஃபைட்டின் மேல் படிந்துள்ள மெல்லிய படலமும் தடித்துக்கொண்டே போய், மின்சாரம் சேமிக்க வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் விழுங்கிவிடுகிறது. கொள்ளளவு குறைவதும் உறை உப்புவதும் இப்படித்தான். கரைக்கு வந்த பிறகும் பாயை இறக்காமல், காற்று முழுவதும் வாங்க விட்டு வள்ளத்தைக் கட்டி வைத்தால், ஓடாமலே பாயும் கயிறும் நைந்துபோவதை ஒத்தது இது.

வெப்பம் சேர்ந்தால் இந்தச் சிதைவு பல மடங்கு விரைவாகும். ஓராண்டு சும்மா வைத்திருக்கும் லித்தியம் அயன் பேட்டரிகளைப் பற்றிப் பரவலாக எடுத்துக்காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரி செல்சியஸில் 40 சதவீத சார்ஜோடு வைத்தது ஏறத்தாழ 96 சதவீதக் கொள்ளளவைக் காப்பாற்றும், முழு சார்ஜோடு வைத்தது 80 சதவீதத்துக்கு இறங்கும். அதையே 40 டிகிரியில் வைத்தால் முன்னது 85, பின்னது 65. நம் கரையில் தகரக் கூரைக்குக் கீழே, மேற்குச் சுவரில், நாள் முழுவதும் எரியும் திரையோடும் சார்ஜரோடும் இருக்கும் ஒரு டேப்லெட்டுக்கு, நடுப்பகலில் 40 டிகிரி என்பது பெரிய எண்ணே அல்ல.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, கத்திரி வெயிலும் அந்த நாட்களுக்குள்ளேயே வந்துபோகிறது. பூட்டிய கொட்டகைக்குள், யாரும் தொடாத டேப்லெட், நூறு சதவீத சார்ஜில், ஆண்டின் மிகக் கொடிய வெயிலை அனுபவிக்கிறது. பத்து மாத உழைப்பில் தேயாத பேட்டரி இந்த இரண்டு மாத ஓய்வில் தேய்ந்துவிடக்கூடும்.

(காட்சி: சார்ஜர் முனை, அண்மையில்.)

பேட்டரியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று உப்புக் காற்று. வடகடலான பாக் விரிகுடாப் பக்கமானாலும் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கமானாலும், சன்னல் கம்பியே துருப்பிடித்து உதிரும் ஊர் இது. சார்ஜர் முனையில் உப்பு ஈரம் படிந்திருக்கும்போது அங்கே எந்நேரமும் மின்னழுத்தமும் இருந்தால், உலோகம் மின்பகுப்பால் அரிக்கப்பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பேறிய முனை சூடாகும், அந்தச் சூடு டேப்லெட்டுக்குள்ளும் போகும்.

இனிச் செய்ய வேண்டியது. சாம்சங் டேப்லெட்டுகள் பலவற்றின் அமைப்புகளில், சார்ஜை நிரம்பும் முன்பே நிறுத்த உதவும் பேட்டரி பாதுகாப்பு என்ற வசதி இருக்கிறது. 2024 முதல் வந்த ஐபேட்கள் சிலவற்றில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வரம்பு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால் ஒயர் மாட்டியபடியே இருந்தாலும் பேட்டரி உச்சத்துக்குப் போகாது. அந்த வசதி இல்லாத பழைய டேப்லெட்டுக்கு, மின்சாதனக் கடைகளில் கிடைக்கும் டைமர் பிளக் போதும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துப் பார்த்து, சார்ஜ் 40க்கும் 80க்கும் இடையே நிற்கும்படி நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஏலம் நடக்கும்போது கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் முழு சார்ஜில் 10 மணி நேரம் ஓடும் டேப்லெட் 80 சதவீதத்திலும் 8 மணி நேரம் ஓடும், ஒரு மின்வெட்டைத் தாண்ட அது தாராளம்.

திரை ஏற்கெனவே எழும்பியிருந்தால் மேற்சொன்ன எதுவும் உதவாது. உடனே சார்ஜரைக் கழற்றி, டேப்லெட்டை அணைத்துவிடுங்கள். எழும்பிய திரையை அழுத்தி ஒட்ட வைக்கவோ, வாயுவை வெளியேற்ற ஊசியால் குத்தவோ கூடாது. உறை கிழிந்தால் தீப்பற்றக்கூடும். எரியக்கூடிய பொருட்களிடமிருந்து தள்ளி வைத்து, பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். கழற்றிய பழைய பேட்டரியைக் கரையிலோ குப்பையிலோ போடாமல், மின்கழிவு பெறுவோரிடம் ஒப்படையுங்கள்.

(காட்சி: அதே கொட்டகை. டேப்லெட் இப்போது மேற்குச் சுவரில் இல்லை, உள்ளறைத் தூணில் இருக்கிறது.)

இந்த ஆண்டு தடைக்காலம் தொடங்கும் நாளில் இந்த டேப்லெட்டை 50 சதவீத சார்ஜில் அணைத்து, ஒயரைக் கழற்றி, வீட்டில் வெயில் படாத அலமாரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். ஜூன் 14 அன்று மாலை அதை எடுத்து, சார்ஜர் முனையை உலர்ந்த துணியால் துடைத்து, 80 வரை ஏற்றி மாட்டினால், மறுநாள் படகுகள் கொண்டுவரும் முதல் மீன்பாட்டைப் பதிவு செய்ய அது ஆயத்தமாக இருக்கும்.