ஆறு பேஷண்ட்தான் அக்கா

நடுவர் அவர்களே, அவையோரே, டியூட்டி முடிந்த கையோடு யூனிஃபார்ம்கூட மாற்றாமல் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, வணக்கம்.

செவிலியர் வெளிநாடு போகப் பெரிதும் காரணம் அங்குள்ள சம்பளமா, இங்குள்ள நிலைமையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "தினாரைக் கண்டால் பிறந்த மண் மறந்துபோகும்" என்றார். என் தங்கை குவைத்தில் நர்ஸ். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அவள் இங்கே வேலை பார்த்ததைச் சொல்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் படிக்க வாங்கிய கல்விக்கடன் மூன்று லட்சம். சேர்ந்தது ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். சம்பளம் ஒன்பதாயிரம், அதில் பாதிக்கு மேல் கடன் தவணைக்கே போகும். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சர்டிபிகேட்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் தருவார்களாம். நைட் டியூட்டியில் முப்பது படுக்கைக்கு இவள் ஒருத்தி. இந்தக் கட்டிலில் டிரிப் தீர்ந்திருக்கும், அந்தக் கட்டிலில் பெரியவருக்கு மூச்சு இழுக்கும். காலையில் வந்து டிபன் பாக்ஸை அம்மாவிடம் நீட்டுவாள். கட்டிக்கொடுத்த தயிர்சாதம் அப்படியே புளித்துக் கிடக்கும். அம்மா ஒன்றும் கேட்கமாட்டார். வாங்கிக் கழுவி வைப்பார்.

குவைத் போன முதல் வாரம் போன் செய்தாள். சம்பளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அக்கா, இங்க எனக்கு ஆறு பேஷண்ட்தான். ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு பேச முடியுது" என்றாள். நடுவர் அவர்களே, பணத்தாசை பிடித்தவள் பேசுகிற பேச்சா இது?

சரி, அரசு வேலைக்குப் போகலாமே என்பார்கள். 2015-இல் எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தி ஆயிரக்கணக்கான செவிலியரை ஒப்பந்தத்தில் எடுத்தது. தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய்! நிரந்தரம் ஆக்குங்கள் என்று 2017 நவம்பரில் சென்னையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் தரையில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

தனியாருக்கும் வழி சொல்லியாகிவிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைந்த குழு, 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 50 படுக்கைக்குக் குறைவான சின்ன மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. அது கைக்கு வருகிறதா என்று கடைசி வரிசைச் சகோதரிகளைக் கேளுங்கள்.

"உயிருக்கே ஆபத்தான இராக்குக்கும் போனார்களே, ஆசைதானே?" என்றும் எதிரணி கேட்டது. 2014-இல் திக்ரித்தில் போருக்கு நடுவே சிக்கிய 46 செவிலியர் ஜூலை மாதம் கொச்சியில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். குண்டுச் சத்தத்துக்குத் தப்பி வந்தவர்களில் பலருக்கு ஊரில் கல்விக்கடன் காத்திருந்தது. மறுபடியும் வெளிநாடு போனால்தான் அடைக்க முடியும் என்று சொன்னவர்களும் உண்டு. கடன்காரியாக ஊரில் நிற்பதைவிடப் போர்முனை பரவாயில்லை என்று ஒரு பெண் நினைத்தால், அவளைத் துரத்தியது எது?

தீர்ப்புச் சொல்லும் முன் இதையும் மனதில் வையுங்கள் ஐயா. கடனை அடைத்து முடித்த பிறகும் என் தங்கை ஒவ்வொரு போனிலும் கேட்கிறாள்: "எம்.ஆர்.பி.ல ஏதாவது கூப்பிட்டிருக்காங்களாக்கா? பர்மனென்ட்னா சொல்லு, வந்துடறேன்."