சூரியன் வீட்டுப் பெயர்

நேயர்களுக்கு வணக்கம். தங்கத்தின் வேதியியல் குறியீடு 'ஏயு' என்று பள்ளியில் படித்திருப்போம். தங்கத்துக்கு லத்தீனில் 'அவுரும்' என்று பெயர். குறியீடு அதிலிருந்து வந்தது. இதை வைத்து, அவுரேலியஸ் என்ற ரோமானியக் குடிப்பெயருக்குப் 'பொன்னன்' என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. கேட்க இனிமைதான். ஆனால் அந்தக் குடும்பத்தின் பழங்கதை சூரியனைக் காட்டுகிறது.

அவர்கள் ரோமுக்கு அருகே வாழ்ந்த சபைன் என்ற பண்டைய இனத்தார். சூரியனுக்குப் பலியிட ரோமானிய மக்களே அவர்களுக்கு ஓர் இடம் ஒதுக்கித் தந்தார்கள் என்றும், அதனால் முதலில் அவர்கள் சூரியனை ஒட்டி 'அவுசேலி' எனப்பட்டார்கள் என்றும் பழைய லத்தீன் சொற்பொருள் நூல் ஒன்று கூறுகிறது. சகரம் எப்படி ரகரமானது? இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் அகப்பட்ட 'ஸ்' லத்தீனில் 'ர்' ஆகத் திரிந்துவிடும். பூ 'ஃப்ளோஸ்', பூவின் என்றால் 'ஃப்ளோரிஸ்'. வைகறைத் தேவி அவுரோராவின் பெயரிலும் இதே திரிபுதான். நம் வீட்டுப் பெண்களுக்கு உஷா என்று பெயர் வைக்கிறோமே, அந்த உஷாவும் அவுரோராவும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

ஜூலியஸ் சீசரின் தாய் அவுரேலியா இந்தக் குடியில் பிறந்தவர். இந்தப் பெயரிலிருந்து கிளைத்ததே அவுரேலியன். அப்பெயர் கொண்ட பேரரசர் 274-இல் ரோமில் சூரியனுக்குக் கோயில் எழுப்பினார். அவர் பெயரால் அமைந்த பிரெஞ்சு நகரம் பேச்சில் தேய்ந்து ஓர்லியான் ஆனது. அந்நகரின் பெயரைப் பட்டமாகத் தாங்கிய கோமகனை முன்னிட்டு 1718-இல் மிசிசிப்பிக் கரையில் நியூ ஆர்லியன்ஸ் எழுந்தது.

ஆனால் என் மனம் தங்குவது எகிப்தில்தான். 212-இல் கரகல்லா பேரரசர் தம் ஆட்சிக்குட்பட்ட, அடிமையல்லாத மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் ரோமானியக் குடியுரிமை அளித்தார்; எகிப்தும் அப்போது ரோமின் ஆட்சியில் இருந்தது. அவருடைய முறையான பெயர் மார்க்கஸ் அவுரேலியஸ் அந்தோனினஸ். குடியுரிமை தந்தவரின் குடிப்பெயரை ஏற்பது ரோமானிய வழக்கம். அதுவரை தன் பெயரும் தந்தை பெயரும் மட்டுமே கொண்டிருந்த நைல் நதிக்கரை உழவர்கள் அவுரேலியஸ் ஆனார்கள். குத்தகைச் சீட்டு, கடன் பத்திரம் என அக்காலப் பப்பைரஸ் ஏடுகளில் எங்கும் அந்தப் பெயர். சிலவற்றின் அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருக்கும்: "இவருக்கு எழுதத் தெரியாததால், அவுரேலியஸ் இன்னாராகிய நான் இவருக்காக எழுதினேன்." எழுதியவரும் அவுரேலியஸ், எழுத்தறியாதவரும் அவுரேலியஸ்.