நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது?

(காரைக்குடி மாலைக் கூட்டமொன்றில் பேசியது)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே,

ரயிலைத் தனியாரிடம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், ஏதோ புது யோசனை மாதிரி. நம் நாட்டில் ரயில் தொடங்கியதே தனியார் கம்பெனிகளால்தான். லண்டனில் பங்கு விற்று முதல் திரட்டினார்கள். அந்த முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம் என்று அரசு உத்தரவாதம் கொடுத்தது. வரும்படி குறைந்தால் மீதியை வரிப்பணத்தில் கட்டினார்கள். வட்டிக்கணக்கு தெரிந்த ஊர் இது. நட்டமே வராது என்று எழுதி வாங்கிக்கொண்டு செய்வதும் ஒரு தொழிலா? பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போன நம்மவர்களுக்கு யார் அப்படி எழுதிக் கொடுத்தார்கள்?

சரி, இன்றைய கதை. பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் கட்டணமாகக் கிடைக்கிறது என்று டிக்கெட்டிலேயே அச்சடித்தார்கள். மீதியில் பெரும்பங்கை நிலக்கரியும் சிமெண்டும் ஏற்றிப்போகும் சரக்கு ரயில்கள் சுமக்கின்றன. அந்தச் செலவு கரண்ட் பில்லிலும் சிமெண்ட் மூட்டையிலும் ஏறி நம்மிடமே வருகிறது. மானியம் தப்பில்லை. அதை ஐந்தொகைக் கணக்கில் காட்டாமல் ஒளிப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நம் காரைக்குடி–திருவாரூர் பாதையைப் பாருங்கள். மீட்டர்கேஜ் என்ற பழைய குறுகிய பாதையை எடுத்துவிட்டு, அகலப்பாதை போடுகிறோம் என்று வருஷக்கணக்கில் காக்கவைத்து, 2019 ஜூனில் ரயில் விட்டார்கள். அப்போது கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. ரயிலிலேயே வரும் ஊழியர் இறங்கிக் கேட்டை மூடுவார். ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம்! அப்புறம் கூட்டமில்லை என்றால் எங்கிருந்து வரும்?

இது அரசின் லட்சணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2020இல் 109 தடங்களில் 151 ரயில்களைத் தனியாருக்குத் தருவதாக அறிவித்தும் அது நடக்கவில்லை. நடந்திருந்தாலும் நம் பாதையிலுள்ள பேராவூரணி மாதிரி சின்ன ஊருக்கு யார் வண்டி விட்டிருப்பார்கள்?

ஜெர்மனியில் 1996 முதல் உள்ளூர் ரயிலை மாநிலங்களே கேட்டு வாங்குகின்றன. எத்தனை வண்டி, எத்தனை மணிக்கு என்று அவை சொல்லும். ஓட்டுவதற்குத் தனியாரும் போட்டி போடலாம், அரசு கம்பெனியும் போடலாம். யாருக்கு எவ்வளவு மானியம் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் புது ரயில் வேண்டும் என்று மனு கொடுக்காதீர்கள். திருவாரூர் பாதையின் வரவு செலவைக் கேளுங்கள். முழிப்பார். விடாதீர்கள்.